தாய்மாமன் கால்

பள்ளிப்பட்டு வேதாசலம் தன் காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டான். மற்றவர்கள் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பெருமை பேசுவார்களே, அப்படிப் பேசுவான்.

“ஒரு கஜம் நெய்ய ஆயிரத்து எண்ணூறு மிதி. ஒரு நாளைக்கு நாலு கஜம். எத்தினி ஆச்சு? ஏழாயிரத்து இருநூறு. திருப்பதி மலைக்கு எத்தினி படி? மூவாயிரத்து ஐந்நூத்தி ஐம்பது. எனக்கு அது அரை நாள் வேலை பாவா.”

கேட்டுக்கொண்டிருந்தவன் பஞ்சாட்சரம். வேதாசலத்தின் தங்கை ஞானம்மாளைக் கட்டியவன். திருத்தணியில் அவனும் தறிதான் நெய்கிறான். தாம்பூலத் தட்டோடு மச்சானை அழைக்க வந்தவன், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தத் தறிக்குழியை எட்டிப் பார்த்தான்.

“எல்லாம் சரி மச்சான். குழியில காலை விட்டுகினு மிதிக்கிறியே, உன் உடம்பை யாரு தூக்கறா? உக்கார்ற பலகைதான தூக்குது? மலைக்குப் போறப்ப அந்தப் பலகையையும் பின்னால கட்டிகினு போவியா?”

உள்ளே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. வேதாசலத்தின் சம்சாரம் காஞ்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அழைப்பு எதற்கென்றால், ஞானம்மாளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு முதல் மொட்டை. தணிகாசலம் என்று பேர். பதினோராவது மாசம் நடக்கிறது. வருகிற திங்கட்கிழமை, ராகுகாலம் கழிந்து ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், திருத்தணி மலை மேலே. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் முடி எடுக்க வேண்டும். வேதாசலம் ஒருத்தன்தான் கூடப் பிறந்த அண்ணன். ஏழு வருஷமாக ஊரார் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நின்ற தங்கை, அன்றைக்குத் தலை நிமிர்ந்து, ‘எங்க அண்ணன் மடியில’ என்று சொல்லக் காத்திருந்தாள்.

“நீ வரலைன்னாலும் பரவால்ல,” என்று பஞ்சாட்சரம் கண்ணைச் சிமிட்டினான். “உங்க பெரியப்பா புள்ள ராஜகோபால் எங்க ஊர்லயே கீறான். அஞ்சாறு மாசமா மடியைத் தொடைச்சி வெச்சிகினு காத்துகினு கீறான்.”

“அவன் மடியில பூனைகூட உக்காராது,” என்றான் வேதாசலம்.

சனிக்கிழமை அமாவாசை. அமாவாசைக்கு எந்தத் தறியும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தால் கையில் முழுசாக இரண்டு நாள். வேதாசலத்துக்கு வயசு முப்பத்தாறு. இதுவரைக்கும் தனியாக ஒரு ஊருக்குப் போனதில்லை. போனதெல்லாம் கல்யாணக் கும்பலோடு, அல்லது கருமாதிக் கும்பலோடு. அதனால் ஒரு ஆசை. திங்கட்கிழமை திருத்தணிக்குப் போய்த்தானே ஆக வேண்டும், போகிற வழியில் திருப்பதியையும் காளாஸ்திரியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டால் என்ன என்று.

வழி என்றால் நேர் வழி இல்லை. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வழி. அதைச் சொன்னால் கோபம் வரும்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினான். சனி காலை முதல் பஸ். பத்து மணி அலிபிரி, மலை அடிவாரம். ஒரு மணிக்கு மலை உச்சி. தரிசனம். ஞாயிறு காலை நடந்து இறங்குதல். பன்னிரண்டு மணி காளாஸ்திரி. சாயங்காலம் ரேணிகுண்டாவில் ரயில். திங்கள் காலை படியேறி மலை, மடி. எல்லாம் பாவு ஓட்டின மாதிரி இழை பிசகாமல் இருந்தது.

காஞ்சனா ஒரு தரம் படித்தாள்.

“இன்னாங்க, இதுல எங்கியும் உக்கார்றதுன்னு எழுதலியே.”

“பஸ்ஸுல உக்காருவேன்.”

“சாமிங்கல்லாம் இந்த வாரத்தோட வீட்டைக் காலி பண்ணிகினு போறாங்களா? ஒண்ணைப் பார்த்துட்டு வந்தா போதாதா?”

“நீ சீர்த்தட்டை எடுத்துகினு ஞாயித்துக்கிழமை நேரா தங்கச்சி வீட்டுக்குப் போ. நான் வந்து சேர்ந்துக்கிறேன்.”

“நீங்க வந்து சேருவீங்க. காலு வருமா?” என்றாள் காஞ்சனா.

சனிக்கிழமை விடியற்காலை பஸ் நிலையத்தில் நின்றபோதுதான் வேதாசலத்துக்கு ஒன்று உறைத்தது. அமாவாசை அவன் தறிக்கு மட்டும் வரவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து நகரி, புத்தூர் வரைக்கும் இருக்கிற அத்தனை தறிக்கும் வந்திருந்தது. அத்தனை தறிக்காரனும் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்திருந்தான். திருப்பதி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், இன்னொருத்தன் காலையும் சேர்த்து மிதித்துக்கொண்டு போனான்.

அலிபிரியில் இறங்கியபோது மணி பதினொன்று. தாளில் பத்து. ஒரு மணி நேரம் பாக்கி விழுந்துவிட்டதே என்று படியைத் தாவித் தாவி ஏறினான். ஏறுகிறவர்களையெல்லாம் ஓரம் தள்ளிக்கொண்டு போனான். முந்நூறு படி வரைக்கும் கால் சொன்னபடி கேட்டது.

அங்கே ஒரு பெண்பிள்ளை படி ஓரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசிருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு, மடியில் பொரி மூட்டை. பார்த்தால் களைத்த மாதிரியே இல்லை. மூச்சு வாங்கவில்லை, வேர்வை இல்லை. சும்மா உட்கார்ந்துகொண்டு பொரி தின்றுகொண்டிருந்தாள்.

“நைனா, யாருனா துரத்திகினு வர்றாங்களா?” என்று கேட்டாள்.

“ஒரு மணிக்கு மேல போயாகணும்.”

“போனா?”

வேதாசலம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். தாளில் அப்படித்தான் இருந்தது. “எனக்கு இதெல்லாம் அரை நாள் வேலை,” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான்.

பாதி வழியில் வருகிற காலி கோபுரத்துக்குக் கீழே தொடை நடுங்கியது. கோபுரத்துக்கு மேலே கெண்டைக்கால் இழுத்தது. அதற்கப்புறம் ஒரு செங்குத்தான இடம் வரும். மோக்காள மெட்டு என்று தெலுங்கில் பேர். முழங்கால் படி என்று அர்த்தம். பேர் வைத்தவன் ஒளிக்காமல்தான் வைத்திருக்கிறான். ஒளிக்காமல் சொன்னதைக் காதில் வாங்குகிற ஆள் வேதாசலம் இல்லை. அங்கே பாதியில் இரண்டு காலும் ஒரே சமயத்தில் இழுத்துக்கொண்டன. பல்லி மாதிரிப் படியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பொரிக்காரி ஆடி அசைந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்ததும் உட்கார்ந்துவிட்டாள், அவனுக்காக உட்கார்ந்த மாதிரியும் தெரியவில்லை.

“இன்னா நைனா, அரை நாள் முடிஞ்சிதா?”

வேதாசலம் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு கை பொரி கொடுத்தாள். பேர் பூவம்மாள், திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகை, நாற்று நடுகிற வேலை என்றாள். அவனும் மொட்டை விஷயம், மடி விஷயம், ராஜகோபால் விஷயம் எல்லாம் சொன்னான். வலி வந்தவன் எதையும் மறைக்க மாட்டான்.

“நீ எப்படி களைக்காம வர?” என்று கடைசியில் கேட்டான்.

“களைச்சப்புறம் உக்காந்தா எழுந்திருக்க வராது. களைக்கிறதுக்கு முன்னாலயே உக்காந்துடணும். வயல்ல குனிஞ்சி நட்டுகினே போறோம். இடுப்பு வலிக்குதோ இல்லியோ, வரப்பு வந்தா நிமிந்துடுவோம். வலி வர்ற வரைக்கும் குனிஞ்சிருக்கிறவ மத்தியானத்துக்கு மேல வயல்ல இருக்க மாட்டா, வரப்புல படுத்திருப்பா.”

“எனக்கு நேரம் இல்ல.”

“நேரம் இருக்குது. உன்கிட்ட காலுதான் இல்ல. திங்கக்கெழமை மாமனுக்கு மடி வேணுமா, காளாஸ்திரி வேணுமா?”

“ரெண்டும்தான்.”

“ஆங்,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். சாயங்காலம் அவன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூவம்மாள் மொட்டை அடித்து, குளித்து, சந்தனம் பூசி, வேறு ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் இறங்குகிற பஸ்ஸுக்கு நின்றாள். “ஏர்றதுக்குத்தான் வேண்டுதல் நைனா. எறங்குறதுக்கு யாரும் வேண்டிக்கலை. வா, அலிபிரியில இருந்து திருத்தணிக்கு நேரா வண்டி கீது. மத்தியானச் சோத்துக்கு தங்கச்சி வீட்டுல இருப்பே.”

வேதாசலம் தாளை எடுத்துப் பார்த்தான். நடந்து இறங்குதல் என்று இருந்தது. எழுதினவன் அவனே. அடிக்கவும் அவனே இருந்தான். பென்சிலும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் மனசு வரவில்லை. எழுதினதை அடித்தால் பஞ்சாட்சரம் எப்படிச் சிரிப்பான் என்று அங்கிருந்தே காதில் கேட்டது. நடந்தே இறங்கினான்.

ஏறுவதில் கால் வலிக்கும். இறங்குவதில் கால் போயே போய்விடும். இது அவனுக்குக் கீழே வந்தபிறகுதான் தெரிந்தது. காளாஸ்திரிக்கு ஏறின பஸ்ஸில் அவனைக் கண்டக்டர் அக்குளில் கை கொடுத்து ஏற்றினான். கோயிலில் சாமி முன்னால் நின்றானா, கூட்டம் அவனை நிறுத்தி வைத்திருந்ததா, அவனுக்கே நிச்சயமில்லை. வெளியே வந்து ஒரு தூணில் ஒரே ஒரு நிமிஷம் என்று சாய்ந்தான். கண்ணைத் திறந்தபோது கோபுரத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில்தான் அடுத்தது என்றார்கள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்தான். தங்கை முகம் வந்தது. ராஜகோபால் மடி வந்தது. தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

காலைக் கரிவண்டி திருத்தணியில் அவனை இறக்கிவிட்டபோது எட்டரை. ஒரு ஜட்கா பிடித்து மலை அடிவாரத்துக்கு வந்தான். ஜட்காக்காரன் இறக்கிவிட்ட இடத்திலேயே, இறக்கிவிட்ட மாதிரியே நின்றான். முழங்கால் மடங்கவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு உலக்கையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

படிக்கட்டு முனையில் பஞ்சாட்சரம் வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் சிவந்திருந்தன. ஆனால் வாய் தூங்கி எழுந்த மாதிரி சுறுசுறுப்பாக இருந்தது.

“வாங்க மச்சான் வாங்க. ஏழாயிரத்து இருநூறு மிதி வாங்க.”

“பாவா, மணி இன்னா?”

“ஒன்பதே கால். எல்லாரும் மேல போயாச்சு. உன் தங்கச்சி புள்ளைய யார்கிட்டயும் தரமாட்டேன்னு இடுப்புலயே வெச்சிகினு கீறா. ராஜகோபால் பலகையில உக்காந்தாச்சு.”

“உக்காந்துட்டானா?”

“குளிச்சி, ஈர வேட்டியோட. பார்க்கப் பரிதாபமா கீது. முந்நூத்தி அறுபத்தஞ்சி படிதான். உனக்குக் காலைப் பலகாரத்துக்கு முன்னால முடிக்கிற வேலை. இல்ல, வண்டி ரோடு சுத்திகினு போவுது, எதுனா வேன் வந்தா கைகாட்டறேன்.”

ரோட்டைப் பார்த்தார்கள். ஒரு மாடு வந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

வேதாசலம் முதல் படியில் காலை வைத்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்து உடம்பை இழுத்தான். இரண்டு, மூன்று, நாலு. பழைய வேதாசலமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது படி போய் விழுந்திருப்பான். விழுந்தால் இன்றைக்கு எழுந்திருக்க முடியாது. விழுந்தால் ஞானம்மாள் பிள்ளையை ராஜகோபாலிடம் நீட்டத்தான் வேண்டும். பத்தாவது படியில், வலி இன்னும் உச்சத்துக்கு வராதபோதே, பொத்தென்று உட்கார்ந்தான்.

“இன்னா ஆச்சு மச்சான்?”

“ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னால உக்கார்றேன்.”

பஞ்சாட்சரம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வெயில் ஏதாவது மண்டைக்குள் போய்விட்டதோ என்று. அதற்குள் வேதாசலம் முப்பது எண்ணி எழுந்துவிட்டான். இன்னும் பத்து. உட்கார்ந்தான். எழுந்தான். இன்னும் பத்து.

நாற்பதாவது படியில் ஏதோ புரிந்த மாதிரி பஞ்சாட்சரமும் கூடவே உட்கார ஆரம்பித்தான். “எனக்கும் மூச்சு வாங்குது, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்,” என்றான்.

ஒரே ஒரு சங்கடம். பத்துப் பத்துப் படியாக உட்கார்ந்து, வலியில் கையைக் கூப்பின மாதிரி வைத்துக்கொண்டு ‘முருகா’ என்று முனகிக்கொண்டு ஏறுகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ பெரிய வேண்டுதல் என்றுதான் நினைத்தார்கள். ஆந்திராப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்று கும்பிட்டது. அந்த அம்மாள் குங்குமத்தை எடுத்து வேதாசலம் நெற்றியில் அப்பிவிட்டு, “எந்த ஊர் சாமி?” என்று பஞ்சாட்சரத்திடம் தெலுங்கில் கேட்டாள்.

“பள்ளிப்பட்டு சாமிங்க,” என்றான் பஞ்சாட்சரம் பயபக்தியாக. “காலை யாரும் தொடாதீங்க. தொட்டா கத்தும்.”

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொடை வலித்தது. வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது. அப்படியே இருநூறு போயிற்று, முந்நூறு போயிற்று. தலைக்கு மேலே மணிச்சத்தம் கேட்டபோது பஞ்சாட்சரம் கேலியை நிறுத்திவிட்டு மணி கேட்டான். எதிரே இறங்கி வந்தவர், பத்தேகால் என்றார். கடைசிப் பதினைந்து படிக்கு வேதாசலம் உட்காரவே இல்லை. பஞ்சாட்சரம் பின்னால் கை கொடுத்துத் தள்ளினான்.

மொட்டை போடுகிற மண்டபத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டி, பேப்பரில் துடைத்து, மறுபடியும் தீட்டிக்கொண்டிருந்தார். ராஜகோபால் பலகையில் சம்மணம் போட்டு, ஈரம் காய்ந்து போய் உட்கார்ந்திருந்தான். ஞானம்மாள் தூண் ஓரமாகப் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். பசிக்குது என்று ஒரு தரம், துணி மாற்றணும் என்று ஒரு தரம், தூங்குறான் என்று ஒரு தரம், எல்லாச் சாக்கும் சொல்லி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. காஞ்சனா அவளுக்குக் காவல் மாதிரி முன்னால் சீர்த்தட்டோடு நின்றாள்.

அண்ணன் வருவதைப் பார்த்து ஞானம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். காஞ்சனா சொன்னாள். “காலும் வந்துடுச்சி. ரெண்டும் வந்துடுச்சி.”

ராஜகோபால் எழுந்து இடம் விட்டான். வேதாசலம் பலகைக்கு வந்தான். உட்கார்வதுவரைக்கும் சரி. இரண்டு பேர் அக்குளில் பிடித்து இறக்கினார்கள். அப்புறம் சம்மணம் போட வேண்டும். வலது காலை மடக்கினான். மடங்கவில்லை. கையால் பிடித்து மடக்கினான். “ஐயோ” என்றான். இடது காலை மடக்கினான். அதற்கும் “ஐயோ” என்றான். மடி வேண்டும் என்று இத்தனை பாடுபட்டு வந்த மனுஷனுக்கு உட்கார்ந்தால் மடியே இல்லை. நேராக நீட்டிய இரண்டு கால்தான் இருந்தது.

“மணி ஆவுதுங்க,” என்றார் நாவிதர். “பத்து இருபது.”

ராஜகோபால் பக்கத்தில் வந்து மெதுவாகக் கனைத்தான்.

வேதாசலம் தன் காலையே பார்த்தான். நீட்டின கால், நடுவில் பள்ளம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் காஞ்சனா முற்றத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, பக்கத்து வீட்டுப் பச்சைப் பிள்ளையை அதில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாளே, அப்படி.

“ஞானம், குடு புள்ளைய,” என்றான். “காலு மேல போடு.”

“பொம்பளைங்க மாதிரியா?” என்றான் ராஜகோபால்.

“ஆங். பொம்பளைங்க மாதிரிதான். சாஸ்திரத்துல மாமன்னுதான் போட்டிருக்குது. மடக்கின மாமன்னு போட்டிருக்குதா?”

கூட்டம் சிரித்தது. ஞானம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கண்ணில் தண்ணியோடு, பிள்ளையைக் கொண்டுவந்து அண்ணன் காலில் மல்லாக்கக் கிடத்தினாள்.

தணிகாசலத்துக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். நீட்டின காலில் போட்டால் அடுத்தது தலையில் தண்ணீர்தான். பத்து மாசத்து அனுபவம். கண்ணை இறுக்கி மூடினான். வாயையும் மூடினான். மூச்சை அடக்கிக்கொண்டு, எப்போது ஊற்றப் போகிறார்களோ என்று அசையாமல் கிடந்தான். நாவிதர் அவர் ஆயுசில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. முன்பக்கம் எடுத்தார், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எடுத்தார். பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, “ஆச்சுங்க,” என்றார்.

சந்தனம் பூசினார்கள். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து, சொம்பைத் தேடினான். சொம்பு இல்லை. மாமன் முகம்தான் இருந்தது, நெற்றி முழுக்கக் குங்குமத்தோடு. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனான்.

“வாங்க, உள்ளே போலாம், பூஜை ஆரம்பிச்சிடும்,” என்று எல்லாரும் கிளம்பினார்கள். வேதாசலம் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. அப்புறம் பார்க்கவும் இல்லை.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் புள்ளையோட இருக்கிறேன்.”

“தூரத்துச் சாமியெல்லாம் ஓடிப் பார்த்துட்டு வந்தவன், உள்ளூர்ச் சாமிய வாசல்லயே விட்டுட்டியே மச்சான்,” என்றான் பஞ்சாட்சரம். சொன்னானே தவிர, தன் மேல்துண்டை மடித்து மச்சான் முதுகுக்கும் தூணுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

மண்டபம் காலியாயிற்று. மலை மேலே காற்று நன்றாக அடித்தது. கீழே ஊரும் ஏரியும் ரயில் ரோடும் தெரிந்தன. வேதாசலம் எதையும் எண்ணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஞானம்மாள் விபூதியோடு முன்னால் ஓடி வந்தாள். வந்தவள், “ஐயையோ, அண்ணா!” என்றாள். பிள்ளை தூக்கத்திலேயே மாமன் தொடை இரண்டும் நனைய மூத்திரம் பெய்திருந்தான். புது வேட்டி போயிற்று. அவள் குனிந்து பிள்ளையைத் தூக்கப் போனாள்.

வேதாசலம் கையால் தடுத்தான். அவன் கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் மூணு நாளாக இல்லாத ஒரு சுகம்.

“இரு ஞானம், தூக்காத,” என்றான். “நல்லா வெதுவெதுன்னு கீது. வலிக்கு ஒத்தடம் குடுத்த மாதிரி கீது. இன்னும் ரவ நேரம் இருக்கட்டும்.”